வயலின் இல்லாத மேடை

ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்தில் 1869 செப்டம்பர் 29 அன்று ஒரு திருப்பலி திறந்த வெளியில் நடந்தது. அங்கே கட்டிக்கொண்டிருந்த புதிய பேராலயத்தில் அப்போதைக்கு ஒரு சிற்றாலயம் மட்டும்தான் முடிந்திருந்தது. அதை அர்ச்சிக்கும் விழா அது. பாடகர்களும் வாத்தியக்காரர்களும் வெளியே நின்றார்கள். எட்டுக் குரல்களாகப் பிரிந்து பாடும் பாடற்குழு. அதனுடன் பதினைந்து ஊதுகருவிகள். ஓபோ 2, கிளாரினெட் 2, பசூன் 2, ஹார்ன் 4, டிரம்பெட் 2, டிராம்போன் 3. வயலின் கிடையாது, செல்லோ கிடையாது, ஆர்கனும் கிடையாது. குழுவை நடத்தியவரே அந்த இசையை எழுதியவர்: அன்டோன் புருக்னர். வயது 45. முந்தைய ஆண்டுதான் லின்ஸ் பேராலயத்தின் ஆர்கன் வேலையை விட்டு வியன்னாவுக்குப் போயிருந்தார்.

அன்று ஒலித்த இ மைனர் திருப்பலி இசை இன்று அமெரிக்கப் பல்கலைக்கழக மேடைகளில் திரும்பத் திரும்ப ஏறுகிறது. படிப்பாண்டு முடியப்போகும் ஏப்ரல் மாதத்தில் அங்குள்ள இசைத் துறைகள் கச்சேரி மேல் கச்சேரியாக வைக்கும். அவற்றில் ஒரு வகை, பாடற்குழுவும் 'விண்ட் ஆன்சாம்பிள்' எனப்படும் ஊதுகருவிக் குழுவும் சேர்ந்து நடத்துவது. பெரும்பாலும் முதலில் பாடகர்கள் தனியாக, பிறகு ஊதுகருவிகள் தனியாக, கடைசியில் இரு தரப்பும் ஒரே மேடையில். முதல் தடவை பார்க்க வருகிறவர்களுக்கு வயலின்கள் இல்லாதது கண்ணில் படும். முழு ஆர்கெஸ்ட்ரா கிடைக்காததால் இப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தோன்றும்.

உண்மையில் குரலும் ஊதுகருவியும் சேர்ந்த கூட்டு, ஆர்கெஸ்ட்ராவைவிட மூத்தது. ஐரோப்பாவில் அதற்கு முந்நூறு ஆண்டு வாழ்வு இருந்தது. பிறகு கச்சேரி அரங்குகளில் அதற்கு இடமில்லாமல் போனது. இருபதாம் நூற்றாண்டில் அதைத் தேடியெடுத்து, புதிய படைப்புகள் எழுதச் சொல்லி, ஆண்டுதோறும் மேடையேற்றி வாழவைத்தவை பல்கலைக்கழகங்கள்.

தொடக்கத்தை வெனிஸில் பார்க்கலாம். அங்குள்ள புனித மாற்கு பசிலிக்காவில் 1568இல் ஜிரோலமோ டல்லா காசாவும் அவருடைய சகோதரர்கள் இருவரும் நிரந்தரச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டார்கள். ஆலயப் பாடற்குழுவோடு சேர்ந்து வாசிப்பது அவர்கள் வேலை. முக்கியமான கருவிகள் கார்னெட்டோவும் டிராம்போனும். கார்னெட்டோ பின்னர் வழக்கொழிந்த கருவி. சற்றே வளைந்த மரக்குழல், அதன்மேல் தோலுறை, புல்லாங்குழலில் இருப்பதுபோல விரல் துளைகள், ஆனால் டிரம்பெட்டைப் போல உதடு அதிர ஊத வேண்டும். மனிதக் குரலுக்கு இதைவிட நெருங்கிய கருவி இல்லை என்று அந்தக் காலத்து இசைக்காரர்கள் கொண்டாடினார்கள். 1585இல் அங்கே ஆர்கன் கலைஞரான ஜியோவான்னி கேப்ரியேலி, பாடகர்களையும் ஊதுகருவிகளையும் ஆலயத்தின் வெவ்வேறு மாடங்களில் நிறுத்தி, ஒரு பக்கத்தின் ஒலிக்கு மறுபக்கம் விடை சொல்வதுபோல எழுதினார். 1609இல் ஜெர்மனியிலிருந்து ஹைன்ரிக் ஷூட்ஸ் என்ற இளைஞர் அவரிடம் படிக்க வந்தார். 1612இல் குரு இறக்கும்வரை உடனிருந்தார். வெனிஸின் ஒலி ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வடக்கே போனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஜெர்மன் ஊர்களில் இந்தக் கூட்டு தெருவுக்கும் வந்தது. காரணம் எளிது. வயலின் கூரைக்கும் சுவருக்கும் பழகிய கருவி; வெட்டவெளியில் அதன் ஒலி சீக்கிரமே கரைந்துவிடும். மழைச் சாரல் பட்டால் கருவியே கெடும். நம்மூரில் வீணை கூடத்திலும் நாகஸ்வரம் ஊர்வலத்திலும் இருப்பது போலத்தான் இதுவும். பாக் இதற்கு ஒரு நல்ல சாட்சியை விட்டுப் போயிருக்கிறார். பிடபிள்யூவி 118 என்று பட்டியலில் உள்ள அவருடைய சிறு இரங்கல் படைப்பு இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. 1736-37 வாக்கில் எழுதிய முதல் வடிவத்தில் பாடற்குழுவுடன் கார்னெட்டோவும் மூன்று டிராம்போன்களும், 'லிட்டுவுஸ்' என்று அவர் குறிப்பிடும் இரண்டு பித்தளைக் கருவிகளும் உள்ளன. பத்து ஆண்டுகள் கழித்து அதே இசையைத் திருத்தியபோது வயலின் வரிசை வந்துவிட்டது. முதலாவது சவ ஊர்வலத்துக்கு, இரண்டாவது கூரைக்குக் கீழே வாசிப்பதற்கு என்பது ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கும் விளக்கம்.

லின்ஸ் நகரம் இந்தக் கதையில் புருக்னருக்கு முன்பே நுழைகிறது. இறந்தவர்களுக்காக டிராம்போன்கள் மட்டும் நிதானமாக வாசிக்கும் சிறு துண்டுகளுக்கு 'எக்குவாலே' என்று பெயர். அந்த வழக்கம் லின்ஸில் வேரூன்றியிருந்தது. 1812 இலையுதிர் காலத்தில் தம்பியைப் பார்க்க அங்கே வந்த பேத்தோவனிடம், பேராலய இசைத் தலைவர் க்ளோக்ல் ஒரு வேண்டுகோள் வைத்தார்: நவம்பர் 2, இறந்த ஆன்மாக்களின் நினைவுநாளுக்கு இப்படிச் சில எழுதித் தர வேண்டும். நான்கு டிராம்போன்களுக்கு மூன்று எக்குவாலேக்களை பேத்தோவன் எழுதிக் கொடுத்தார்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1827 மார்ச் 29 அன்று வியன்னாவில் பேத்தோவனின் இறுதி ஊர்வலம் போனபோது அவற்றில் இரண்டு அவருக்காகவே ஒலித்தன. இக்னாட்ஸ் ஃபான் சைஃப்ரீட் அந்த மெட்டுகளுக்குப் பாவமன்னிப்புச் சங்கீதத்தின் லத்தீன் வரிகளைப் பொருத்தி ஆண்குரல்களுக்கு அமைத்திருந்தார். டிராம்போன்கள் ஒரு முறை ஊத, பாடகர்கள் அதையே ஒரு முறை பாட, ஊர்வலம் நகர்ந்தது. நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிக் குவித்த மனிதரை வழியனுப்ப, சில வரிகளே நீளும் இந்த இசை போதுமாயிருந்தது.

பாரிஸில் இதே கூட்டு வேறொரு முகம் காட்டியது. புரட்சி வெடித்த 1789இல் பெர்னார் சாரெத் என்ற இளைஞர் தேசியக் காவற்படைக்கென்று ஒரு ஊதுகருவிக் குழுவைத் திரட்டினார். மறு ஆண்டு ஜூலை 14 அன்று ஷாம்ப் தெ மார்ஸ் மைதானத்தில் நடந்த கூட்டமைப்பு விழாவில் இசையமைப்பாளர் கோசெக் எழுதிய 'தெ தேயும்' என்ற துதிப்பாடல் ஒலித்தது. ஆண் பாடகர்கள் ஒரு பெருங்கூட்டம், அவர்களோடு ஊதுகருவிகளும் முரசுகளும். புரட்சியின் விழாக்கள் எல்லாம் மைதானத்தில் நடந்ததால் அவற்றின் இசையும் மைதானத்துக்கு ஏற்றதாகவே இருக்க வேண்டியிருந்தது. சாரெத்தின் குழு முதலில் ஒரு நகரப் பள்ளியாக, பிறகு தேசிய இசை நிறுவனமாக வளர்ந்து, 1795இல் பாரிஸ் கன்சர்வேட்வார் ஆனது. இன்றைய இசைக் கல்லூரிகள் பலவற்றுக்கும் முன்மாதிரியாக நின்ற அந்த நிறுவனத்தின் விதை ஒரு பேண்டு என்பதை இசை வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அது அவ்வளவு எளிதாகக் கடக்கக்கூடிய செய்தி அல்ல.

1840 ஜூலை 28 அன்று பெர்லியோஸ் இருநூறு ஊதுகருவியாளர்களைப் பாரிஸ் தெருக்களில் நடக்கவைத்துத் தம் இறுதி ஊர்வல சிம்பொனியை அரங்கேற்றினார். இரண்டு ஆண்டுகளில் அதற்குப் பாடற்குழுவையும் தந்திக்கருவிகளையும் சேர்த்து அரங்கத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். காலம் போன திசைக்கு அது ஓர் அடையாளம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இசை அரங்குகளுக்குள் குடியேறியது. அரங்கத்துக்குள் வயலின் வரிசை அரசாண்டது. தனித்த ஊதுகருவிக் குழுக்கள் ராணுவத்தோடும் பூங்காக்களோடும் நின்றுபோயின.

அந்த நேரத்தில்தான் புருக்னர் வருகிறார். லின்ஸ் ஆயர் ஃபிரான்ஸ் யோசஃப் ரூடிகியர், புதிய பேராலயத்துக்கு 1862 மே 1 அன்று அடிக்கல் நாட்டினார். அன்றைக்கே ஆண் பாடற்குழுவுக்கும் ஊதுகருவிகளுக்கும் ஒரு விழா இசையை புருக்னர் எழுதிக் கொடுத்திருந்தார். 1866இல் ஆகஸ்டு தொடங்கி நவம்பர்வரை உட்கார்ந்து திருப்பலி இசையை முடித்தார். ஆனால் சிற்றாலயம் முடியவில்லை. மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த விழா நடந்த 1869 ஆயருக்கு அமைதியான ஆண்டாகவும் இல்லை. அரசின் புதிய சட்டங்களை எதிர்த்து அவர் எழுதிய சுற்றுமடலுக்காக வழக்கு நடந்து, ஜூலையில் இரண்டு வாரச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பேரரசர் உடனே மன்னிப்பு வழங்கியதால் சிறைக்குப் போகவில்லை. செப்டம்பரில் திறந்த வெளியில் கூடிய அந்தக் கூட்டத்துக்கு, பக்தியோடு சேர்ந்து இந்தச் சூடும் இருந்திருக்கும். பேராலயம் முழுதாக முடிந்து அர்ச்சிக்கப்பட்டது 1924இல். புருக்னர் பிறந்து சரியாக நூறு ஆண்டு.

இசைக்கு வருவோம். திறந்த வெளி என்பதால் ஊதுகருவி. அதுவரை பழைய காரணம்தான். புருக்னர் அதை வைத்துச் செய்தது புதியது. சாங்க்துஸ் பகுதியில் பலெஸ்த்ரீனாவின் ஒரு மெட்டை எடுத்து எட்டுக் குரல்களையும் ஒன்றன்பின் ஒன்றாக நுழையவிட்டு அடுக்குகிறார். முந்நூறு ஆண்டு பழைய தேவாலயப் பாணி. அதன்மேல் ஹார்ன்களும் டிராம்போன்களும் வந்து சேரும்போது ஒலி வாக்னர் காலத்துக்குத் தாவிவிடுகிறது. தொடக்கப் பகுதியான கீரியேயில் பாடகர்கள் நீண்ட நேரம் கிட்டத்தட்டத் துணையே இல்லாமல் பாடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து. துணையின்றி நெடுநேரம் பாடும் குழுவின் சுருதி மெல்ல மெல்லக் கீழிறங்கும். பாடுகிறவர்களுக்கு அது தெரியாது. ஹார்ன் நுழையும் அந்த ஒரு கணத்தில் எல்லாம் அம்பலமாகிவிடும். பாடற்குழு நடத்துநர்கள் இந்தப் படைப்பைக் கண்டு அஞ்சுவதும் இதையே திரும்பத் திரும்பத் தேடிப் போவதும் இதனால்தான்.

அட்லாண்டிக்கின் மறுகரைக்குப் பித்தளைக் கருவியையும் பாடலையும் ஒன்றாகக் கொண்டுபோனவர்களில் மொராவியச் சபையினர் முக்கியமானவர்கள். தரங்கம்பாடியில் 1760இல் வந்து குடியேறி நாற்பது ஆண்டுகள் இருந்தார்களே, அதே சபையினர்தான். பென்சில்வேனியாவில் அவர்கள் உருவாக்கிய பெத்லகேம் என்ற ஊரில் 1754 முதல் டிராம்போன் குழு இருக்கிறது. சபையில் ஒருவர் இறந்தால் ஆலய உச்சியிலிருந்து டிராம்போன்கள் பாமாலை ஊதி ஊருக்கு அறிவிப்பது வழக்கமாக இருந்தது. இந்த ஊரில்தான் 1900இல் பாக்கின் பி மைனர் திருப்பலி இசை அமெரிக்காவில் முதன்முறையாக முழுமையாகப் பாடப்பட்டது. 1912 முதல் இவ்வூரின் பாக் விழா லீஹை பல்கலைக்கழக வளாகத்தில் நடந்துவருகிறது. விழா தொடங்குவதைக் கோபுரத்திலிருந்து டிராம்போன்களே அறிவிக்கின்றன.

ஆனால் பல்கலைக்கழக பேண்டுகள் தேவாலயத்திலிருந்து வரவில்லை. லின்ஸில் அடிக்கல் நாட்டி இரண்டு மாதம் ஆனபோது, 1862 ஜூலை 2 அன்று, அமெரிக்காவில் லிங்கன் மாரில் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி மத்திய அரசின் நிலம் மாநிலங்களுக்குக் கிடைக்கும். அதை விற்ற பணத்தில் விவசாயமும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகள் எழும். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் என்பதால் ராணுவப் பயிற்சியும் பாடத்தில் இருக்க வேண்டும் என்று சட்டமே சொன்னது. அணிவகுப்பு என்றால் முரசும் ஊதலும் வேண்டும். அப்படித்தான் இல்லினாய், பர்டியூ போன்ற இடங்களில் மாணவர் பேண்டுகள் பிறந்தன. பிறகு கால்பந்து மைதானம் வந்தது. பேண்டு இன்னும் பெருத்தது.

பாடற்குழுவின் வழி வேறு. நாஷ்வில்லில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக 1866இல் தொடங்கிய ஃபிஸ்க் பல்கலைக்கழகம் ஐந்தே ஆண்டுகளில் மூடும் நிலைக்கு வந்தது. 1871 அக்டோபர் 6 அன்று ஒன்பது மாணவர்கள் பாடிப் பணம் திரட்டப் புறப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். தங்கள் பெற்றோர் ரகசியமாகப் பாடிய பக்திப் பாடல்களை மேடையில் வைக்க அவர்களுக்கு முதலில் தயக்கம் இருந்தது. அந்தப் பாடல்களே அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் அசைத்தன. அவர்கள் சம்பாதித்துக் கொடுத்த பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் இன்றும் அங்கே நிற்கிறது. ஒரு பல்கலைக்கழகத்தை அதன் பாடற்குழு காப்பாற்றிய இந்த வரலாற்றுக்கு ஈடாக இசை உலகில் சொல்ல அதிகம் இல்லை.

அணிவகுப்பு மைதானமும் தேவாலயமும் ஒரே மனிதரிடம் சந்தித்த இடம் மின்னசோட்டா மாநிலத்து நார்த்ஃபீல்டு. நார்வேயிலிருந்து வந்து குடியேறிய லூத்தரன் மக்கள் 1874இல் தொடங்கிய செயின்ட் ஓலஃப் கல்லூரிக்கு, 1903இல் எஃப். மெலியுஸ் கிறிஸ்டியன்சென் இசை ஆசிரியராக வந்தார். நார்வேயில் பிறந்தவர், வயலின் கலைஞர். கல்லூரி பேண்டு அவர் கைக்கு வந்தது. 1906இல் அந்த பேண்டை நார்வேக்கே கூட்டிப்போனார். அமெரிக்கக் கல்லூரி பேண்டு ஒன்று வெளிநாட்டில் சுற்றுப்பயணம் செய்தது அதுதான் முதல் முறை. பிறகு ஊர் ஆலயப் பாடகர்களைச் சீர்படுத்தி 1912இல் செயின்ட் ஓலஃப் பாடற்குழு என்ற பெயரில் வெளியே கொண்டுவந்தார். காகிதம் இல்லாமல் மனப்பாடமாக, துணைக்கருவி இல்லாமல், அலையாத நேர்க்குரலில் பாடும் அந்த முறை அமெரிக்கக் கல்லூரிப் பாடற்குழுக்களின் இலக்கணமாகவே ஆனது. ஒரு பேண்டு மாஸ்டர் கட்டிய பாடற்குழு அது. குரல்களை ஒரே கருவியாக இழைக்கும் காது அவருக்கு அங்கிருந்து கிடைத்திருக்கலாம்.

இவ்வளவும் ஆன பிறகும் இரு குழுக்களும் ஒரே மேடைக்கு வர ஒரு தடை இருந்தது: அளவு. 1930களில் நல்ல பல்கலைக்கழக பேண்டு என்றால் தொண்ணூறு, நூறு பேர். கிளாரினெட் மட்டுமே இருபதுக்கு மேல். இல்லினாயில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பேண்டை நடத்திய ஆல்பர்ட் ஆஸ்டின் ஹார்டிங் ஆர்கெஸ்ட்ரா படைப்புகளை நூற்றுக்கும் மேல் பேண்டுக்கு மாற்றி எழுதினார். வயலின் வரிசையின் வேலையைக் கிளாரினெட் வரிசை செய்தது. அருமையான உழைப்பு. ஆனால் அத்தனை பேர் சேர்ந்து ஊதும்போது பாடகர்களின் சொல் ஒன்றும் காதில் விழாது.

தடையை உடைத்தவர் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில், ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் பேண்டு நடத்திவந்த ஃபிரெட்ரிக் ஃபென்னெல். 1951 பிப்ரவரி 5 அன்று ஊதுகருவிக்கென்றே எழுதிய படைப்புகளை வைத்து ஒரு கச்சேரி நடத்தினார். கேப்ரியேலி இருந்தார், மொட்ஸார்ட் இருந்தார், ஸ்ட்ராவின்ஸ்கி இருந்தார். லின்ஸுக்காக எழுதப்பட்ட பேத்தோவனின் எக்குவாலேக்களும் இருந்தன. அதற்குப் பிறகு மஞ்சள் காமாலை நோயில் வாரக்கணக்கில் மருத்துவமனையில் படுத்திருந்தபோது அவருக்குப் புதிய குழுவின் வடிவம் தெளிவானது. ஒரு பகுதிக்கு ஒரே ஒருவர். மொத்தம் 45 பேருக்குள். படைப்பாளி கேட்கும் கருவிகள் மட்டும் மேடையில், மற்றவர்கள் இறங்கி இருக்கலாம். 1952 செப்டம்பரில் ஈஸ்ட்மன் விண்ட் ஆன்சாம்பிள் முதல் ஒத்திகைக்குக் கூடியது. நானூறு இசைப் படைப்பாளிகளுக்குக் கடிதம் போனது: இப்படி ஒரு குழு இருக்கிறது, எழுதுங்கள். மெர்க்குரி நிறுவனம் வெளியிட்ட அவர்களுடைய இசைத்தட்டுகள் நாடெங்கும் பேண்டு அறைகளில் சுழன்றன. சில ஆண்டுகளுக்குள் பல்கலைக்கழகந்தோறும் விண்ட் ஆன்சாம்பிள் தோன்றியது. ஊதுகருவிக் குழு இளைத்ததும் பாடற்குழு அதன் பின்னால் வந்து நிற்க முடிந்தது.

அப்போதும் சேர்ந்து வாசிப்பது எளிதல்ல. இதை ஒத்திகை அறையில் பார்க்க வேண்டும். அரங்கம் விளக்குகளால் சூடாக, ஊதுகருவிகளின் சுருதி ஏறும். பாடகர்களின் சுருதி களைப்பில் இறங்கும். இரண்டும் எதிரெதிர்த் திசை. பாடகர்கள் படிமேடையில் பின்னால் நிற்பார்கள். டிரம்பெட்டும் டிராம்போனும் அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து சபையைப் பார்த்து ஊதும். ஆக, பாட்டு சபைக்குப் போக வேண்டுமானால் பித்தளைச் சுவர் ஒன்றைத் தாண்ட வேண்டும். ஹார்னின் வாயோ பின்பக்கம் திரும்பியது. அது நேராகப் பாடகர்களின் முகத்தில் ஒலிக்கும். டிராம்போன்காரர்களைப் பக்கவாட்டில் திருப்பி உட்காரவைப்பது, தாங்கியைத் தாழ்த்தி ஒலியைத் தரைக்குக் காட்டுவது என்று நடத்துநர்கள் பல வழி வைத்திருக்கிறார்கள். பாடகர்களுக்கோ மெய்யெழுத்துகளைத் தாளத்துக்கு ஒரு நூலிழை முன்னால் உச்சரிக்கப் பயிற்சி. அப்போதுதான் உயிரெழுத்து தாளத்தில் விழும், சொல்லும் மூழ்காது.

கைகொடுப்பது மூச்சு. வில் வைத்து இழுக்கும் கலைஞருக்கு வாக்கியத்தின் நடுவில் மூச்சு விட வேண்டிய கட்டாயம் இல்லை. பாடகருக்கும் ஓபோ வாசிப்பவருக்கும் அந்தக் கட்டாயம் ஒன்றே. நீண்ட சுரத்தை அறுபடாமல் நிறுத்த வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவர் மூச்சு எடுக்காத நேரத்தில் தான் எடுப்பது என்று மாற்றி மாற்றிப் பழகுவார்கள். பாடற்குழு, பேண்டு இரண்டிலும் இது முதலாண்டுப் பாடம். அதனால்தான் இந்த இரண்டு குழுக்களும் முதல் கூட்டு ஒத்திகையிலேயே ஒன்றின் வாக்கிய நீளத்தை மற்றொன்று பிடித்துக்கொள்கிறது.

ஃபென்னெலின் கடிதத்துக்குப் பின் படைப்புகள் வரத் தொடங்கின. பாடற்குழுவுக்கும் ஊதுகருவிக்கும் சேர்த்து ஸ்ட்ராவின்ஸ்கி எழுதிய திருப்பலி இசை அதற்குச் சற்று முன்பே, 1948 அக்டோபரில் மிலானின் லா ஸ்காலாவில் அரங்கேறியிருந்தது. பத்தே கருவிகள். அவர் பிறந்த ரஷ்ய மரபுத் திருச்சபையில் வழிபாட்டுக்குக் கருவிகள் கூடாது. அதனால் கருவியோடு எழுதுவதற்காக லத்தீன் திருப்பலியைத் தேர்ந்தார். அளவில் சிறியது, பாட எளிதல்ல; கல்லூரிக் குழுக்கள் அதை விரும்பி எடுத்துக்கொண்டன. வின்சென்ட் பெர்சிகெட்டி 1966இல் வால்ட் விட்மனின் வரிகளை வைத்து 'செலப்ரேஷன்ஸ்' என்ற கான்டாட்டாவை நேரடியாக இந்தக் கூட்டுக்கே எழுதினார்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த காரெல் ஹூசா இன்னும் ஒரு படி போனார். பிராகில் பிறந்து 1954இல் அமெரிக்கா வந்தவர். அவருடைய 'இந்தப் பூமியின் இறைமையேற்றம்' 1971இல் ஆன் ஆர்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக பேண்டின் வாசிப்பில் அரங்கேறியது. போராலும் மாசாலும் மனிதன் பூமியை அழிப்பதைப் பற்றிய இசை. அதன் கடைசிப் பகுதியில் வாத்தியக்காரர்களே கருவியை இறக்கிவிட்டு, 'இந்த அழகிய பூமி' என்ற சொற்களை உடைந்த அசைகளாகப் பேச வேண்டும். கிளாரினெட்டுக்கும் டியூபாவுக்கும் பழகிய மாணவர்கள் தங்கள் சொந்தக் குரலோடு மேடையில் நிற்க நேர்ந்தது. பின்னர் பாடற்குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து செய்ய ஒரு வடிவத்தையும் அவர் எழுதினார்.

இந்த வேலையைத் தொழில்முறைக் குழுக்கள் செய்திருக்க முடியாதா என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று பிழைத்த தொழில்முறை பேண்டுகளின் காலம் 1932இல் ஜான் பிலிப் சூசாவின் மரணத்தோடு முடிந்துவிட்டது. வானொலியும் இசைத்தட்டும் அவற்றின் பிழைப்பைப் பறித்திருந்தன. சூசாவின் இசைத்தாள் களஞ்சியத்தின் பெரும்பகுதியே கடைசியில் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது. ராணுவ பேண்டுகளை விட்டால், ஐம்பது தேர்ந்த ஊதுகருவிக்காரர்கள் நிரந்தரமாகக் கூடும் இடம் அங்கே பெரும்பாலும் பல்கலைக்கழகம்தான். நூறு பேர் சம்பளம் கேட்காமல் வாரம் பல மணி நேரம் பாடப் பழகும் இடமும் அதுவே. இரண்டு அறைகளும் பெரும்பாலும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன.

அப்படிப்பட்ட ஒரு கட்டடத்திலிருந்து வந்தவர் எரிக் விட்டேக்கர். லாஸ் வேகஸிலுள்ள நெவாடா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது பாடற்குழுவில் சேர்ந்து மொட்ஸார்ட்டின் ரெக்வியம் பாடியதே தன்னை இசைக்கு இழுத்தது என்று சொல்லிவருகிறவர். அங்கேயே 'கிளவுட்பர்ஸ்ட்' என்ற பாடற்குழுப் படைப்பையும் 'கோஸ்ட் டிரெய்ன்' என்ற ஊதுகருவிப் படைப்பையும் எழுதினார். பிறகு 'ஸ்லீப்', 'லூக்ஸ் அவ்ரும்க்வே' உள்ளிட்ட தம் பாடற்குழுப் படைப்புகளைத் தாமே ஊதுகருவிகளுக்கு மாற்றி எழுதினார். மார்ட்டன் லாரிட்சன் 1994இல் பாடற்குழுவுக்கு எழுதிய 'ஓ மக்னும் மிஸ்தேரியும்' படைப்பை மிச்சிகன் பேண்டை முன்பு நடத்திய எச். ராபர்ட் ரெனால்ட்ஸ் ஊதுகருவிக்குக் கொண்டுவந்தார். ஒரு காலத்தில் ஆர்கெஸ்ட்ரா இசையைக் கடன் வாங்கிய பேண்டு, இப்போது அடுத்த அறையில் பாடுகிறவர்களிடம் வாங்குகிறது.

புதிதாக எழுதச் சொல்வதற்கும் ஒரு நடைமுறை உருவாகியிருக்கிறது. தனியொரு பல்கலைக்கழகத்தால் பெரிய படைப்புக்கான தொகையைத் தாங்க முடியாதபோது பல துறைகள் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தன் ஊரில் முதலில் வாசிக்கும் உரிமை கிடைக்கும். எழுதியவருக்கு இதில் பெரிய ஆறுதல் உண்டு: ஒரே அரங்கேற்றத்தோடு படைப்பு அலமாரிக்குப் போய்விடாது. மான்டானாவில் வாழ்ந்த டேவிட் மாஸ்லங்கா பெரிய பாடற்குழு, சிறுவர் பாடற்குழு, தனிக்குரல்கள், ஆர்கன், விண்ட் ஆன்சாம்பிள் எல்லாவற்றையும் கூட்டி ஒரு முழுநீளத் திருப்பலி இசையை எழுதினார். அது 1996இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் அரங்கேறியது. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் நீளும் அந்தப் படைப்பை எடுத்துச் செய்யப் பாடற்குழு ஆசிரியரும் பேண்டு ஆசிரியரும் பல மாதம் முன்பே கால அட்டவணையை ஒன்றாக உட்கார்ந்து போட வேண்டியிருக்கும்.